பசை இறுகும் வரை பிடிக்கும் ஆணி: வீட்டு மரவேலைக்கு ஆணித் துப்பாக்கியைத் தேர்வதும் பேணுவதும்

இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை அலமாரி விளிம்புக்குத் தேக்கு பீடிங் அடிக்கும் ஆசாரியின் கையில் சிறு சுத்தியலும், வாயில் நாலைந்து பின் ஆணிகளும் இருக்கும். இன்று பெரும்பாலான உள்ளலங்கார வேலைகளில் அந்த இடத்தை, காற்றுக் குழாய் மாட்டிய ஆணித் துப்பாக்கி பிடித்துக்கொண்டது. தொழிலாளர்கள் இதை 'ஏர் கன்' என்றும் 'கன்' என்றும் சொல்கிறார்கள். தன் வீட்டு வேலையைத் தானே செய்து பார்க்க விரும்புகிறவர்களும் இப்போது இதை வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

கடையில் முதலில் காதில் விழும் கேள்வி, 'எந்தக் கம்பெனி?' என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஆணி எதைப் பிடிக்கப்போகிறது? பின்னால் இருப்பது மரமா, பிளைவுட்டா, சுவரா? துப்பாக்கிக்குள் போகும் காற்று எவ்வளவு சுத்தம்? இவற்றுக்கு விடை தெரிந்தால் கம்பெனிப் பெயரின் எடை பாதியாகக் குறையும். வேலைக்குப் போதுமான ஆணிகளில் மிக மெல்லியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிச்சப் பணத்தைக் காற்றுக்கும் பாதுகாப்புக்கும் செலவிட வேண்டும். இக்கட்டுரை வந்தடையும் முடிவு இதுதான். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆணியின் உண்மையான வேலை

பீடிங், ஸ்கர்ட்டிங், கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் அலங்காரப் பட்டை ஆகிய எதுவும் பாரம் தாங்குவதில்லை. இவற்றை நெடுநாள் பிடித்து நிற்பது பசை. வெள்ளைப் பசை ஓரளவு இறுக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். முழுப் பலம் பெற ஒரு நாள் ஆகும். அதுவரை பட்டை நகராமல் அழுத்திப் பிடிப்பதே ஆணியின் பணி. கிளாம்பு மாட்ட முடியாத இடத்தில் ஆணியே கிளாம்பு.

இதற்கு வரலாற்றில் பெரிய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹோவர்ட் ஹியூஸ் கட்டிய எச்-4 ஹெர்குலிஸ் என்ற மாபெரும் மர விமானம் 1947 நவம்பர் 2 அன்று ஒரே ஒரு முறை பறந்தது. பெரும்பாலும் பிர்ச் மரத் தகடுகளைப் பசையால் ஒட்டியே அதன் உடலைக் கட்டினார்கள். பசை இறுகும் வரை தகடுகளைப் பிடிக்கச் சின்னச் சின்ன ஆணிகளை அடித்து, பிறகு அவற்றைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய விமானத்துக்கே ஆணி தற்காலிகப் பிடிமானம்தான் என்றால், 8 மி.மீ. பீடிங்குக்குத் தடித்த ஆணி எதற்கு?

நான்கு தடிமன், நான்கு வேலை

ஆணியின் தடிமனைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள். எண் கூடக் கூட ஆணி மெலியும். அலங்கார மரவேலையில் புழங்குபவை நான்கு.

23 கேஜ்: சுமார் 0.6 மி.மீ. தடிமன். தலையே இல்லாத பின். அடித்த துளை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. மெல்லிய கண்ணாடிப் பீடிங், பொம்மைப் பெட்டி, படச் சட்டம், மூலை இணைப்பில் ஒட்டிய சிறு துண்டு ஆகியவற்றுக்கு ஏற்றது. தலை இல்லாததால் இழுத்தால் கழன்று வந்துவிடும். பசை இல்லாமல் இதைப் பயன்படுத்தக் கூடாது.

18 கேஜ்: சுமார் 1.2 மி.மீ. தடிமன், சிறு தலை. பிராட் ஆணி என்பது இதுவே. நம் கடைகளில் எஃப்-30 என்று விற்கும் துப்பாக்கி 30 மி.மீ. வரையிலும், எஃப்-50 என்பது 50 மி.மீ. வரையிலும் இந்த ஆணியை அடிக்கும். ஆணிப் பெட்டியில் எஃப்-20, எஃப்-25 என்று இருந்தால் அந்த எண் மில்லிமீட்டரில் ஆணியின் நீளம்.

16 கேஜ்: சுமார் 1.6 மி.மீ. தடிமன். டி-50 என்று கேட்டால் கிடைக்கும். கதவு நிலைப் பட்டை, கனமான ஸ்கர்ட்டிங், ரீப்பர் சட்டம் ஆகியவற்றுக்கு உதவும். துளை பெரிது, பட்டி வைத்து மூடியே ஆக வேண்டும்.

15 கேஜ்: சுமார் 1.8 மி.மீ. தடிமன். சாய்ந்த மேகசின் உள்ளதால் மூலைக்குள் நுழையும். அமெரிக்கத் தச்சர்கள் கதவு மாட்டுவதற்கு விரும்புவது. நம் ஊர்க் கடைகளில் ஆணியும் துப்பாக்கியும் எளிதில் கிடைப்பதில்லை.

நீளத்துக்கு ஒரு பழைய விதி உண்டு: ஒட்டப்போகும் பட்டையின் தடிமனைப் போல மூன்று மடங்கு. 8 மி.மீ. பீடிங்குக்கு 25 மி.மீ. ஆணி சரி. அதை 18 மி.மீ. பிளைவுட் மீது அடிக்கும்போது இரண்டின் மொத்தத் தடிமன் 26 மி.மீ.; ஆணி உள்ளேயே அடங்கிவிடும். 'பிடிப்பு கூடட்டும்' என்று 30 மி.மீ. போட்டால் முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அலமாரிக்குள் கைவிடுபவரின் விரலைக் கீறும். அடிக்கும் முன் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

அமெரிக்கச் சுவரும் நம் சுவரும்

ஆணித் துப்பாக்கி பற்றிய ஆங்கில நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் அமெரிக்க வீட்டை மனத்தில் வைத்தே பேசுகின்றன. அங்கே சுவரின் எலும்பு மரச் சட்டம், அதன்மேல் 12.7 மி.மீ. ஜிப்சம் பலகை. ஒரு ஸ்கர்ட்டிங் பட்டையை அடித்தால் ஆணி பட்டையையும் ஜிப்சத்தையும் கடந்து மரச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். அதனால்தான் அங்கே 50 முதல் 64 மி.மீ. வரை நீளமுள்ள 15, 16 கேஜ் ஆணிகளைப் பரிந்துரைக்கிறார்கள்.

நம் வீட்டுச் சுவர் செங்கல்லும் சிமென்ட் பூச்சும். தூணும் உத்தரமும் கான்கிரீட். அலங்கார வேலைக்கான ஆணி இவற்றில் இறங்காது. வளையும், தெறிக்கும், பூச்சைப் பெயர்க்கும். கான்கிரீட்டுக்கென்று தனியாகக் கடினப்படுத்திய ஆணியும் அதற்கான எஸ்.டி-64 வகைத் துப்பாக்கியும் உண்டு. ஆனால் அது பட்டையைப் பிளக்கும் அளவுக்கு முரட்டுக் கருவி. சுவரில் பட்டை அடிக்கச் சரியான வழி, முதலில் ரீப்பரைச் சுவர் பிளக், திருகு ஆகியவற்றால் இறுக்கி, அந்த ரீப்பர் மீது பட்டையைப் பசையும் பிராட் ஆணியும் கொண்டு பொருத்துவது. ஃபால்ஸ் சீலிங், ஜிப்சம் தடுப்பு ஆகியவற்றின் பின்னால் நம் ஊரில் இருப்பது மெல்லிய ஜி.ஐ. சேனல், அதில் பிராட் ஆணி நிற்காது, திருகுதான் நிற்கும்.

ஆக நம் வீட்டில் துப்பாக்கி உண்மையில் வேலை செய்யும் இடங்கள் பிளைவுட் அலமாரி, மர நிலை, ரீப்பர் ஆகிய மூன்றுதான். மூன்றுக்கும் 18 கேஜ் போதும்.

மரத்துக்கு மரம் மாறும் நடத்தை

ரப்பர் மரமும் பிளைவுட்டும் ஆணியை ஒழுங்காக வாங்கிக்கொள்ளும். எம்.டி.எஃப். பலகையின் முகத்தில் தடித்த ஆணி அடித்தால் துளையைச் சுற்றி மேடு கிளம்பும். விளிம்பில் அடித்தால் அடுக்கு பிளக்கும். அங்கே 18 கேஜுக்கு மேல் தடித்தது வேண்டாம். வேங்கை போன்ற கடின மரத்தில் மெல்லிய ஆணி நாரைத் தொடர்ந்து வளைந்து பக்கவாட்டில் வெளியே வரலாம். அம்மரத்தில் நீளத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். முடியாத இடத்தில் துளையிட்டுத் திருகு போட வேண்டும்.

வளைவைக் கட்டுப்படுத்த ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிராட் ஆணியின் முனை உளியைப் போல இருபுறமும் சரிவாக வெட்டப்பட்டது. அந்த முனையின் விளிம்பு மேகசின் நீளும் திசையிலேயே இருப்பதால், ஆணி வளைந்தால் மேகசினுக்குப் பக்கவாட்டில்தான் வளையும். பலகையின் விளிம்பில் அடிக்கும்போது மேகசின் விளிம்பின் நீளவாக்கில் இராமல் குறுக்காக இருக்கும்படி துப்பாக்கியைப் பிடித்தால், வளைந்த ஆணியும் பலகைக்குள்ளேயே ஓடி அடங்கும். முகத்தைக் கிழித்துக்கொண்டு வராது. நாரைக் குறுக்கே வெட்டி இறங்குவதால் பிளவும் குறையும்.

கடலோர ஊர்களில் துரு இன்னொரு பிரச்சினை. ஈரம் பட்டால் இரும்பு துருப்பிடிப்பதோடு நிற்காது; டானின் மிகுந்த மரத்தில் கருநீலக் கறையையும் உண்டாக்கும். வேங்கையில் இது தெளிவாகத் தெரியும். ஜன்னல், குளியலறைக் கதவு, வெளி வராந்தா ஆகிய இடங்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணியைக் கேட்டு வாங்க வேண்டும். விலை கூடினாலும் கறை வந்த பாலிஷைச் சுரண்டி மறுபடி போடும் செலவை நினைத்தால் அது மலிவு.

துப்பாக்கியில் பார்க்க வேண்டியவை

ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கே எஃப்-30 துப்பாக்கி கிடைக்கிறது. மகிட்டா, மேக்ஸ், போஸ்டிச், சென்கோ போன்ற பெயர் பெற்ற நிறுவனங்களின் கருவிகள் அதைவிடப் பல மடங்கு விலை. ஆணியை உள்ளே தள்ளும் வேலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தெரியும் இடங்கள் வேறு.

முதலாவது, மூக்கில் உள்ள பாதுகாப்பு அழுத்தி. மூக்கை மரத்தில் அழுத்தினால் மட்டுமே விசை வேலை செய்ய வேண்டும். மலிவான பல எஃப்-30 துப்பாக்கிகளில் இந்த ஏற்பாடே இருப்பதில்லை. விசையைத் தொட்டால் ஆணி காற்றில் பறக்கும். இது இல்லாத துப்பாக்கியை வீட்டுக்கு வாங்கக் கூடாது என்பதில் தயக்கமே வேண்டாம்.

இரண்டாவது, ஆழம் திருத்தும் சக்கரம். ஆணித் தலை பரப்புக்குச் சற்றே கீழே இறங்கி நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் மெல்லிய பீடிங்கை ஊடுருவிவிடும். கம்ப்ரஸர் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும் இதைச் செய்யலாம்; ஆனால் சக்கரம் இருந்தால் ஒவ்வொரு முறையும் எழுந்து நடக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கருவி எதுவும் இல்லாமல் திறக்கும் மூக்கு. சிக்கிய ஆணியை எடுக்க ஆலன் கீ தேடும் துப்பாக்கி வேலையின் ஓட்டத்தைக் கெடுக்கும். நான்காவது, மரத்தில் வடு விழாமல் காக்கும் ரப்பர் மூக்குறை. ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: ஓ-ரிங் தொகுப்பும் டிரைவர் பிளேடும் உங்கள் ஊரில் கிடைக்குமா? உதிரி பாகம் கிடைக்காத விலையுயர்ந்த துப்பாக்கியைவிட, கிடைக்கும் நடுத்தரத் துப்பாக்கி மேல்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்கக் கருவிகளின் கால் அங்குல மரை என்.பி.டி. முறை, அங்குலத்துக்கு 18 புரி. நம் ஊரில் பழக்கமான பி.எஸ்.பி. முறையில் 19 புரி. இரண்டும் சில சுற்று ஏறும்; பிறகு மரை கெடும், காற்று கசியும். டெஃப்லான் டேப் எவ்வளவு சுற்றினாலும் இது சரியாகாது. சரியான அடாப்டர் வாங்குவதே வழி.

பேட்டரியில் ஓடும் நெயிலரும் இன்று உண்டு. குழாயும் கம்ப்ரஸரும் இல்லாத வசதி பெரிது. ஆனால் காற்றில் இயங்கும் பிராட் துப்பாக்கி ஒன்று, ஒன்றரை கிலோ எடையில் முடிந்துவிட, பேட்டரிக் கருவி ஏறக்குறைய அதன் இரு மடங்கு கனக்கும். தலைக்கு மேலே கையைத் தூக்கி அடிக்கும் வேலையில் அந்த எடை தோளில் தெரியும். ஏற்கெனவே கம்ப்ரஸர் வைத்திருப்பவருக்குக் காற்றுத் துப்பாக்கிதான் சிக்கனம்.

கம்ப்ரஸரும் காற்றும்

பிராட் துப்பாக்கி ஒவ்வொரு அடிக்கும் எடுத்துக்கொள்ளும் காற்று மிகக் குறைவு. பெயின்ட் ஸ்ப்ரே போலத் தொடர்ந்து உறிஞ்சாது. வீட்டு வேலைக்கு 25 லிட்டர் தொட்டியும் ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் தாராளம். வேலைக்கான அழுத்தம் 60 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை, அதாவது சுமார் 4 முதல் 7 பார். உபரித் துண்டில் 70-இல் தொடங்கி, தலை சரியாக இறங்கும் வரை ஐந்தைந்தாகக் கூட்ட வேண்டும். துப்பாக்கியின் உடலில் பொறித்திருக்கும் உச்ச அழுத்தத்தை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது.

நம் காற்றின் ஈரத்தை ஒரு கணக்கால் உணரலாம். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னை நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 25 லிட்டர் தொட்டியை 8 பாருக்கு நிரப்பினால் ஏறத்தாழ 225 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போகிறது. அதோடு ஐந்து கிராமுக்கு மேல் நீராவியும் போகிறது. அழுத்தி ஆறிய அந்தக் காற்றால் ஒரு கிராமைக்கூட ஆவியாக வைத்திருக்க முடியாது. ஒரு முறை தொட்டி நிரம்பினால் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டித் தண்ணீர் அடியில் தங்குகிறது. நாள் முழுக்க ஓடினால் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீர் தொட்டியை உள்ளிருந்து அரிக்கும். குழாய் வழியே போய்த் துப்பாக்கியின் எண்ணெயைக் கழுவித் துருவை விதைக்கும்.

எனவே மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது கட்டாயம். தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே நீர் பிடிக்கும் ஃபில்டரைப் பொருத்துவது அடுத்தபடி. தானாக எண்ணெய் தெளிக்கும் லூப்ரிகேட்டரைப் பொருத்தினால், அந்தக் குழாயைப் பாலிஷ் ஸ்ப்ரேக்குப் பயன்படுத்தக் கூடாது. எண்ணெய்த் துளி கலந்தால் பாலிஷ் பரப்பில் வட்ட வட்டமாகக் குழி விழும். இரண்டு வேலைக்கும் இரண்டு குழாய் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

உள்ளே நடப்பதும் அன்றாடப் பேணலும்

துப்பாக்கிக்குள் ஒரு சிலிண்டர், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனோடு இணைந்த எஃகு டிரைவர் பிளேடு. விசையை அழுத்தினால் தலைப்பகுதி வால்வு திறந்து காற்று பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிளேடு ஆணியை அடிக்கிறது. பிஸ்டன் அடியிலுள்ள ரப்பர் பம்பரில் மோதி நிற்கிறது. அதே வேளையில் கொஞ்சம் காற்று பக்கத்து அறையில் சேமிக்கப்படுகிறது. விசையை விட்டதும் மேலுள்ள காற்று வெளியேற, சேமித்த காற்று பிஸ்டனை மேலே திருப்பி அனுப்புகிறது. இந்த ஓட்டம் முழுவதும் சில ஓ-ரிங்குகளின் இறுக்கத்தை நம்பி நடக்கிறது. பேணல் என்பதன் பொருள் அந்த ரப்பர் வளையங்களைக் காப்பதுதான்.

காலையில் குழாயை மாட்டும் முன், காற்று நுழையும் வாயில் மூன்று, நான்கு துளி நியூமேட்டிக் கருவி எண்ணெய் விட வேண்டும். ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 என்று எழுதியிருக்கும் மெல்லிய எண்ணெய் பொருந்தும். நாள் முழுக்க வேலை என்றால் மதியம் மறுபடி. வண்டி என்ஜின் எண்ணெயில் உள்ள வேதிச் சேர்மங்கள் ரப்பருக்கு ஆகாது. டபிள்யூ.டி-40 எண்ணெயைக் கரைத்துக்கொண்டு போய்விடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகும், குளிரில் உறையும். பெட்ரோலும் தின்னரும் ஓ-ரிங்கை வீங்கவும் வெடிக்கவும் வைக்கும். 'ஆயில் ஃப்ரீ' என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் துப்பாக்கிக்கு எண்ணெயே விடக் கூடாது.

மேகசினில் மரத்தூளும் ஆணிப் பட்டையின் பசைத் துணுக்கும் சேரும். வாரம் ஒரு முறை பழைய பல் துலக்கியால் துலக்கிக் காற்றடித்தால் போதும். அங்கே எண்ணெய் தடவினால் தூள் ஒட்டிக் கெட்டியாகும். மூடியின் திருகுகள் அதிர்வில் தளரும். மாதம் ஒரு முறை ஆலன் கீயால் இறுக்க வேண்டும். ஆணி இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்ப்பது பம்பருக்குக் கேடு.

கோளாறு எங்கே என்று சொல்லும் அறிகுறிகள்

குழாய் மாட்டியதுமே தலைப்பகுதியிலோ புகைவாயிலோ சீறினால் தலை வால்வின் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. விசையருகே கசிந்தால் விசை வால்வு. ஆணி பாதியில் நின்றால் முதலில் அழுத்தத்தையும் எண்ணெயையும் பார்க்க வேண்டும். இரண்டும் சரி என்றால் பிஸ்டன் ஓ-ரிங் அல்லது முனை மழுங்கிய டிரைவர். ஒரு அடிக்கும் மறு அடிக்கும் இடையே ஆணி வராமல் போனால் மேகசின் அழுக்கு, தளர்ந்த ஸ்பிரிங் அல்லது தேய்ந்த பம்பர். பிளேடு கீழேயே நின்றுவிட்டால் வளைந்த பிளேடு அல்லது உலர்ந்த ஓ-ரிங். ஆணி அடிக்கடி சிக்கினால், தேய்ந்த முனையைச் சந்தேகிக்கும் முன் ஆணியை மாற்றிப் பார்க்க வேண்டும். தரமற்ற ஆணிப் பட்டையில் தடிமன் சீராக இருப்பதில்லை.

ஓ-ரிங் மாற்றுவதற்குத் துப்பாக்கியைக் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. நான்கு திருகைக் கழற்றினால் போதும். கழற்றிய வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புது வளையத்துக்கு ஓ-ரிங் கிரீஸ் தடவிப் பொருத்தினால் பெரும்பாலான கசிவு தீரும்.

கைக்கும் கண்ணுக்கும்

அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்புகளான ஓஷாவும் நியாஷும் 2011-இல் ஆணித் துப்பாக்கிக்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. அந்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் இக்கருவியால் காயமடைந்து அவசர சிகிச்சைக்கு வருவதாக அது மதிப்பிட்டது. காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும். விசையை அழுத்தியபடியே மூக்கைத் தட்டித் தட்டி அடிக்கும் முறையில், ஒரு அழுத்தலுக்கு ஒரு ஆணி என்ற முறையைவிட ஆபத்து இரு மடங்கு என்றும் அது சொல்கிறது. பீடிங் வேலையில் அந்த வேகத்துக்குத் தேவையே இல்லை. முதலில் மூக்கு, பிறகு விசை என்ற வரிசை முறைத் துப்பாக்கியையே வாங்க வேண்டும்.

பட்டையைப் பிடிக்கும் கை, ஆணி விழும் இடத்திலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். சிறு துண்டாக இருந்து அப்படி முடியாவிட்டால் கிளாம்பு அல்லது மாஸ்கிங் டேப் பிடிக்கட்டும். கண்ணாடி அணியாமல் விசையைத் தொடக் கூடாது. சிக்கிய ஆணியை எடுக்கும் முன் குழாயைக் கழற்றியே ஆக வேண்டும். விசையை விட்டால் மட்டும் போதாது. கம்ப்ரஸர் இல்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரையோ வேறு எரிவாயு சிலிண்டரையோ மாட்டுவது கருவி வெடித்து உயிரைப் பறிக்கும் செயல்.

தீர்ப்பு

நம் ஊர் வீட்டுக்கு முதல் துப்பாக்கி 18 கேஜ், 50 மி.மீ. வரை அடிக்கக்கூடியது, மூக்கில் பாதுகாப்பு அழுத்தியும் ஆழச் சக்கரமும் உள்ளது. மெல்லிய பீடிங் வேலை அதிகம் என்றால் அடுத்து 23 கேஜ் துப்பாக்கியை வாங்கலாம். 16 கேஜ், கதவு நிலை வேலை தொடர்ந்து வருகிறவருக்கு மட்டும். 15 கேஜ் நமக்கு வேண்டியதில்லை. துப்பாக்கியோடு சேர்த்து ஒரு நீர் பிடிக்கும் ஃபில்டர், ஒரு புட்டி எண்ணெய், ஒரு ஓ-ரிங் தொகுப்பு, ஒரு பாதுகாப்புக் கண்ணாடி ஆகிய நான்கையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள். ஆசாரியை வைத்து வேலை வாங்குகிறவராக இருந்தால், அவர் கண்ணாடி அணிகிறாரா என்று கேளுங்கள்; இல்லையென்றால் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.